கிச்சன் ஐலேண்ட் மேல தொங்குற லைட்: 39,000 ரூபாயா, 9,000 ரூபாயா? கணக்கு போட்டுப் பார்க்கலாம் வாங்க!



புது வீட்டுக்கு இன்டீரியர் பண்றவங்க வாங்குற கோட்டேஷன்ல ஒரு வரி கண்டிப்பா இருக்கும். "ஐலேண்ட் பெண்டன்ட் லைட், 3 எண்ணிக்கை." மொத்த கோட்டேஷன் 8 லட்சம், 10 லட்சம்னு இருக்கும்போது இந்த ஒரு வரியை யாரும் நின்னு பார்க்கிறதில்லை. "பத்து லட்சத்துல இது என்ன பெரிய காசு"ன்னு கையெழுத்து போட்டுடுவோம்.

இன்னைக்கு அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துப் பிரிச்சுப் பார்க்கப் போறோம். ஏன்னா, ஒரு லைட்டோட விலைங்கிறது அதுல ஒட்டியிருக்கிற விலை மட்டும் இல்லை. அதை எந்தப் பணத்துல வாங்குறீங்க, எத்தனை வருஷம் எரியும், கெட்டுப்போனா எதை மாத்தணும், மாசம் எவ்வளவு கரன்ட் இழுக்கும்னு நாலையும் சேர்த்ததுதான் விலை.

முதல்ல ஐலேண்ட்னா என்னன்னு பார்த்துடுவோம். நாலு பக்கமும் சுவரைத் தொடாம கிச்சன் நடுவுல நிக்கிற மேடைதான் ஐலேண்ட். நம்ம ஊர் ஃப்ளாட்ல பெரும்பாலும் ஓப்பன் கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவுல ஒரு பக்கம் சுவரோட ஒட்டின பிரேக்ஃபாஸ்ட் கவுன்ட்டரா இருக்கும். ரெண்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

ஒரு மாதிரி கோட்டேஷன்

ஒரு உதாரணம் எடுத்துப்போம். விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். நீங்க உங்க கோட்டேஷன்ல இருக்கிற எண்ணைப் போட்டுக்கோங்க.

- டிசைனர் பெண்டன்ட் 3, ஒண்ணு ரூ.9,500 வீதம்: ரூ.28,500
- வயரிங், ஃபிட்டிங்: ரூ.4,500
- ஜிஎஸ்டி 18%: ரூ.5,940
- மொத்தம்: ரூ.38,940

எல்இடி விளக்குகளுக்கு ஜிஎஸ்டி 2022 ஜூலை 18-ல இருந்து 12 சதவீதத்துல இருந்து 18 சதவீதமா ஏறுச்சு. அதனால கடைக்காரர் சொல்ற விலை "வரியோடவா, வரி இல்லாமலா"ன்னு முதல் கேள்வியாவே கேட்டுடுங்க. 9,500-ன்னு நினைச்சது பில்லுல 11,210 ஆயிடும்.

இப்போ இதே இடத்துக்கு இன்னொரு வழி. சாதாரண மெட்டல் ஷேடு போட்ட பெண்டன்ட் 2, வரியோட ஒண்ணு ரூ.2,800. 7 வாட் எல்இடி பல்பு 2, ஒண்ணு ரூ.200. வயரிங், ஃபிட்டிங் ரூ.3,000. மொத்தம் ரூ.9,000.

வித்தியாசம் ரூ.29,940. கிட்டத்தட்ட 30,000 ரூபாய்!

இந்த லைட்டை எந்தப் பணத்துல வாங்குறீங்க?

விஷயமே இங்கதான் இருக்கு. நிறைய பேர் இன்டீரியர் செலவை ஹோம் லோன்லயே சேர்த்து வாங்குறாங்க, இல்லைன்னா டாப்-அப் லோன் போடுறாங்க. "மாசம் 300, 400 ரூபாய்தானே கூட வரும்"னு தோணும்.

8.5% வட்டி, 20 வருஷம்னு வச்சா ஒரு லட்சத்துக்கு இஎம்ஐ சுமார் ரூ.868. நம்ம 38,940 ரூபாய் லைட்டுக்கு மாசம் சுமார் ரூ.338. பார்க்க சின்ன எண்தான். ஆனா 240 மாசம் கட்டினா மொத்தம் சுமார் ரூ.81,100. அதாவது மூணு லைட்டுக்கு ஆறு லைட்டோட காசு கட்டுறோம்.

இன்னொரு எண் பாருங்க. பத்தாவது வருஷ முடிவுல இந்த லைட்டுக்கான அசல்ல இன்னும் சுமார் ரூ.27,250 பாக்கி இருக்கும். அந்த லைட் அப்போ எரியுமாங்கிறது வேற கேள்வி. கெட்டுப்போய் கழட்டி எடைக்குப் போட்ட லைட்டுக்கும் இஎம்ஐ கட்டிட்டு இருக்க வேண்டி வரலாம்.

வீடு 50 வருஷம் நிக்கும், அதுக்கு 20 வருஷக் கடன் நியாயம். 8, 10 வருஷத்துல மாத்தப்போற பொருளுக்கு 20 வருஷக் கடன் நியாயமில்லை. லைட், திரைச்சீலை, வால்பேப்பர் எல்லாமே இந்தக் கணக்குலதான் வரும்.

கிரெடிட் கார்டு இஎம்ஐ போட்டா? 20,000 ரூபாயை 15% வட்டியில 12 மாசமா மாத்தினா மாசம் சுமார் ரூ.1,805, மொத்தம் ரூ.21,660 வரும். அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி தனி, பிராசஸிங் ஃபீஸ் தனி. ஹோம் லோனை விட வட்டி விகிதம் அதிகம்தான், ஆனா ஒரே வருஷத்துல முடிஞ்சிடும். கையில இருக்கிற காசுல வாங்குறதுக்கு ரெண்டுமே ஈடாகாது.

மிச்சமாகிற 30,000-ஐ 7% வட்டி தர்ற எஃப்டியில 10 வருஷம் போட்டா, வரிக்கு முன்னாடி சுமார் ரூ.59,000 ஆகும். பத்து வருஷம் கழிச்சு கிச்சன் முழுசுக்கும் புது லைட் போட்டாலும் காசு மிஞ்சும்.

சரி, எவ்வளவு வெளிச்சம் வேணும்?

கடையில "எத்தனை வாட்"னு கேட்டு வாங்குறது பழைய பழக்கம். வாட்ங்கிறது கரன்ட் செலவு. வெளிச்சத்துக்கு அளவு லூமென். பல்பு டப்பாவுல ரெண்டுமே போட்டிருக்கும்.

காய் நறுக்குற இடத்துல ஒரு சதுர மீட்டருக்கு 300-லிருந்து 500 லூமென் வரைக்கும் வந்து விழணும். 5 அடிக்கு 2.5 அடி கவுன்ட்டர்னா 12.5 சதுர அடி, அதாவது சுமார் 1.16 சதுர மீட்டர். நடுவுல 400-ன்னு வச்சா 464 லூமென் மேடை மேல விழணும். பல்புல இருந்து வர்ற வெளிச்சத்துல பாதி ஷேடுலயும் சுத்தியும் போயிடும்னு வச்சுக்கிட்டா, பல்பு சுமார் 930 லூமென் தரணும். கூட கொஞ்சம் சேர்த்து 1,200 இருந்தா தாராளம்.

ஒரு 7 வாட் எல்இடி பல்பு சுமார் 700 லூமென் தரும். ரெண்டு போட்டா 1,400. முடிஞ்சது கணக்கு! 5 அடி மேடைக்கு மூணு லைட்டுங்கிறது போட்டோவுக்காகத்தான். வெளிச்சத்துக்கு ரெண்டே போதும். 7, 8 அடி மேடைன்னா மூணு பத்தி யோசிக்கலாம்.

டப்பாவுல இன்னும் ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு நிறம். 3,000 கெல்வின்னா மஞ்சள் கலந்த வார்ம் வைட், 4,000-ன்னா நடுத்தரம், 6,500-ன்னா நம்ம ஊர் டியூப்லைட் வெள்ளை. ஹாலைப் பார்த்த மேடைக்கு 3,000 அல்லது 4,000 நல்லா இருக்கும். ஹால்ல என்ன நிறமோ அதே நிறம் இங்கேயும் போடுங்க. இல்லைன்னா ஒரே ரூம் ரெண்டா வெட்டின மாதிரி தெரியும்.

ரெண்டாவது சிஆர்ஐ. பொருளோட உண்மையான நிறத்தை அந்த வெளிச்சம் எவ்வளவு சரியா காட்டும்ங்கிற மதிப்பெண், 100-க்கு. 80-க்குக் கீழ வேண்டாம். 90 இருந்தா கீரை வாடியிருக்கா, மீன் ஃப்ரெஷ்ஷான்னு சரியா தெரியும்.

எடிசன் பல்பு: அழகு எல்லாம் சரி, கரன்ட் பில்?

கேஃபேல தொங்குற, உள்ளே கம்பி சிவப்பா எரியுற எடிசன் பல்பு நிறைய பேருக்குப் பிடிக்கும். இதுல ரெண்டு வகை இருக்கு. பழைய மாதிரி நிஜ இழை பல்பு 40 வாட். அதே தோற்றத்துல எல்இடி ஃபிலமென்ட் பல்பு 4 வாட். வெளிச்சம் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

மூணு பல்பு, தினம் 4 மணி நேரம்னு வச்சுப்போம். யூனிட் ரூ.7-ன்னு ஒரு கணக்குக்கு எடுத்துக்கிறேன்.

- 40 வாட் இழை பல்பு: வருஷம் 175 யூனிட், சுமார் ரூ.1,226
- 4 வாட் எல்இடி ஃபிலமென்ட்: வருஷம் 17.5 யூனிட், சுமார் ரூ.123

பத்து வருஷத்துல வித்தியாசம் ரூ.11,000-க்கு மேல. இது போக, சாதாரண இழை பல்போட ஆயுள் சுமார் 1,000 மணி நேரம். தினம் 4 மணி நேரம்னா வருஷம் 1,460 மணி நேரம். எட்டு, ஒன்பது மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டூல் போட்டு ஏறணும்.

தமிழ்நாட்டுல இருக்கிறவங்களுக்கு இன்னொரு பாயின்ட். நமக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங். அந்த ரெண்டு மாசத்துல மேல சொன்ன வித்தியாசம் 26 யூனிட். உங்க வீடு 490 யூனிட்ல நிக்குதுன்னா, இந்த 26 சேர்ந்து 500-ஐத் தாண்ட வச்சிடும். 500-ஐத் தாண்டினா கடைசி சில யூனிட் மட்டும் விலை ஏறாது. 101-லிருந்து 200 வரைக்கும் இருந்த குறைஞ்ச விலையும் சேர்ந்து போயிடும். கார்டுல உங்க பழைய ரீடிங்கைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

கெட்டுப்போனா எதை மாத்தணும்?

இதுதான் கடையில கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி. "அண்ணே, இதுல பல்பு மாத்த முடியுமா?"

பெண்டன்ட் லைட்டுல ரெண்டு சாதி. ஒண்ணு ஹோல்டர் உள்ளது. வேற பல்பு வாங்கி மாட்டிக்கலாம். இன்னொண்ணு எல்இடி உள்ளேயே பதிச்சது. வளையம், நீளப் பட்டை மாதிரி மெலிசா, அழகா இருக்கிறது பெரும்பாலும் இந்த வகைதான். பல்பு போனா தனியா மாத்த முடியாது.

எல்இடி 25,000 மணி நேரம் எரியும்னு டப்பாவுல போட்டிருப்பாங்க. தினம் 4 மணி நேரம்னா 17 வருஷம். ஆனா முதல்ல போறது பெரும்பாலும் எல்இடி இல்லை, அதுக்குக் கரன்ட் குடுக்கிற டிரைவர். சூடும் வோல்டேஜ் ஏத்த இறக்கமும் அதோட எமன். டிரைவர் தனி டப்பாவா இருந்தா, அதுல எழுதியிருக்கிற வோல்டேஜ், மில்லி ஆம்பியர் ரெண்டையும் பார்த்து அதே அளவுல வேற வாங்கிப் போடலாம். சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட்ல இந்த மாதிரி டிரைவர் கிடைக்கும். டிரைவரும் உள்ளேயே ஒட்டியிருந்தா முழு லைட்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்த மாடல் அப்போ கடையில இருக்காது. ஒண்ணு போனா மூணையும் மாத்தணும்.

ஹோல்டர் உள்ளதுலயும் எந்த ஹோல்டர்னு பாருங்க. நம்ம வீட்டுல வழக்கமா இருக்கிற பின் வகை பி22, மரை போட்டுத் திருகுறது இ27. இந்த ரெண்டும் கடையில சுலபமா கிடைக்கும். சின்ன சின்ன கேப்ஸ்யூல் பல்பு போடுற ஜி9 மாதிரி வகைன்னா தேடி அலையணும்.

பல்பு, லைட் எதுவா இருந்தாலும் பிஐஎஸ் பதிவு எண் இருக்கான்னு பாருங்க. எல்இடி பல்புல ஐஎஸ் 16102-ன்னு தர எண்ணும், ஆர்-னு தொடங்குற பதிவு எண்ணும் இருக்கணும். பில் இல்லாம "200 ரூபாய் கம்மி பண்ணித் தரேன்"னு சொன்னா வாங்காதீங்க. வாரன்ட்டிக்கு அந்தப் பில்தான் ஆதாரம்.

நம்ம சமையலுக்கு எந்த மெட்டீரியல்?

வெளிநாட்டு இன்டீரியர் படங்கள்ல பார்க்கிற மூங்கில், சணல், துணி ஷேடு எல்லாம் அழகுதான். ஆனா நம்ம கிச்சன்ல தினம் தாளிப்பு, வாரம் ஒரு தடவை வடை, அப்பளம். எண்ணெய்ப் புகை தூசியோட சேர்ந்து பிசுக்கா படியும். துணி, சணல்ல படிஞ்சா கழுவ முடியாது. ரெண்டு வருஷத்துல பழசாயிடும்.

- பவுடர் கோட்டிங் போட்ட அலுமினியம்: ஈரத் துணியில துடைச்சா போதும். விலையும் குறைவு.
- கண்ணாடி: கழுவலாம், ஆனா தெளிவான கண்ணாடின்னா ஒவ்வொரு பிசுக்கும் தெரியும். பால் வெள்ளைக் கண்ணாடி பரவாயில்லை.
- இரும்பு மேல முலாம் பூசினது: சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல உப்புக் காத்துக்குத் துருப்பிடிக்கும். தவிர்க்கலாம்.
- பித்தளை: நல்ல ஆயுள், ஆனா கறுக்கும், விலையும் அதிகம். மெருகு போடப் பிடிக்கிறவங்களுக்கு ஓகே.

அடுப்பு ஐலேண்ட் மேலயே இருந்தா, அதுக்கு நேர் மேல தொங்குற லைட்டே வேண்டாம். அங்கே சிம்னியும் அதோட லைட்டும் போதும்.

மேடை கருப்பு கிரானைட்டா? பாலிஷ் போட்ட கருப்புக் கல்லுல பல்பு அப்படியே கண்ணாடி மாதிரி தெரியும், குனிஞ்சு நறுக்கும்போது கண் கூசும். உள்ளே பல்பு மறையுற ஆழமான ஷேடும், பால் வெள்ளை பல்பும் எடுங்க.

உயரம், இடம்: காசு செலவில்லாம முதல்லயே பாருங்க

லைட்டோட அடிப்பகுதி மேடையில இருந்து 30-லிருந்து 36 இன்ச் உயரத்துல இருக்கணும். மேடை 34 இன்ச்னா, தரையில இருந்து சுமார் 5 அடி 4 இன்ச்லேருந்து 5 அடி 10 இன்ச். வீட்டுல உயரமானவங்க இருந்தா மேல் அளவை எடுங்க, எதிர்ல நிக்கிறவங்க முகம் மறையக் கூடாது.

5 அடி மேடைக்கு ரெண்டு லைட்னா, ரெண்டு முனையில இருந்தும் 15 இன்ச் உள்ளே தள்ளி, நடுவுல 30 இன்ச் இடைவெளி விடுங்க. ஷேடு 8-லிருந்து 10 இன்ச் அகலம் போதும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. அதே அளவுல ஒரு அட்டைப் பெட்டியைக் கயித்துல கட்டி அந்த உயரத்துல ரெண்டு நாள் தொங்க விடுங்க. இடிக்குதா, டிவி மறைக்குதான்னு தெரிஞ்சிடும். செலவு பூஜ்ஜியம்!

பக்கத்துல சீலிங் ஃபேன் இருக்கான்னும் பாருங்க. 1,200 மில்லி மீட்டர் ஃபேன்னா நடுவுல இருந்து இறக்கை முனைக்கு 2 அடி. அதைத் தாண்டி இன்னொரு 2 அடியாவது தள்ளி லைட் இருக்கட்டும். இல்லைன்னா காத்துல ஆடிக்கிட்டே இருக்கும்.

ஃபால்ஸ் சீலிங் மூடுறதுக்கு முன்னாடி சொல்ல வேண்டியது

லைட்டை அப்புறம் கூட வாங்கலாம். ஆனா பாயின்ட்டை இப்பவே முடிவு பண்ணணும். சீலிங் மூடி, பெயின்ட் அடிச்ச பிறகு ஒரு பாயின்ட்டை ஒரு அடி தள்ளிப் போடணும்னா வெட்டு, ஒட்டு, பட்டி, பெயின்ட்னு லைட் விலையையே தாண்டிடும். எலக்ட்ரீஷியன்கிட்ட நாலு விஷயம் சொல்லுங்க.

1. பாயின்ட் மேடையோட நடுக்கோட்டுல வரணும், ரூமோட நடுவுல இல்லை.
2. லைட்டோட எடையை ஜிப்சம் போர்டு தாங்கக் கூடாது. மேல இருக்கிற கான்கிரீட்ல ஆங்கர் போட்டுப் பிடிக்கணும்.
3. மெட்டல் லைட்னா எர்த் வயர் கட்டாயம்.
4. ரெண்டு லைட்டுக்கு ரெண்டு சுவிட்ச். சாப்பிடும்போது ஒண்ணு, நறுக்கும்போது ரெண்டு. டிம்மர் வேணும்னா அதுக்குன்னு தனியா டிம்மபிள் பல்பு வாங்கணும். சாதாரண எல்இடி பல்பு டிம்மர்ல மினுக்கும். ரெண்டு சுவிட்ச் அந்தச் செலவை மிச்சப்படுத்திடும்.

வாடகை வீட்டுல இருக்கிறவங்க எல்இடி பதிச்ச லைட்டுல காசு போடாதீங்க. ஹோல்டர் உள்ளதா வாங்கினா வீடு மாறும்போது கழட்டி எடுத்துட்டுப் போகலாம். ஓனர் பல்பைத் திரும்ப மாட்டிக் குடுத்துட்டா போதும்.

அப்போ அழகான லைட் வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்லலை. தினமும் பார்க்கிற இடம், ஆசைப்பட்டு ஒண்ணு வாங்குறதுல தப்பே இல்லை. ஆனா வரிசையை மாத்தாதீங்க. பாயின்ட் முதல்ல, லூமென் கணக்கு ரெண்டாவது, பல்பு மாத்த முடியுமாங்கிறது மூணாவது, அழகு நாலாவது.

பணத்துக்கு என் யோசனை இதுதான். குடி போகும்போது சாதாரண ரெண்டு பெண்டன்ட் போட்டுக்கோங்க, கையில இருக்கிற காசுல. கோட்டேஷன்ல இருந்து அந்த வரியை எடுக்கச் சொல்லி, லோன் தொகையையும் அந்த அளவு குறைங்க. அந்த லைட்டுக்குக் கட்டியிருக்க வேண்டிய 338 ரூபாயை ஒரு ஆர்டியில போட்டுட்டு வாங்க. மூணு வருஷத்துல கட்டினது மட்டுமே 12,000 ரூபாயைத் தாண்டியிருக்கும், வட்டி தனி. அப்பவும் அந்த டிசைனர் லைட் மேல ஆசை இருந்தா, அந்தக் காசுல எவ்வளவு வருமோ அதை வாங்குங்க. பாயின்ட் ரெடியா இருக்கு, அரை மணி நேர வேலை. ஆசை போயிருந்தா? பணம் உங்ககிட்டயே இருக்கு.

இன்டீரியர்காரர்கிட்ட இன்னைக்கே கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. "லைட்டிங்கை மொத்தத் தொகையா போடாம, மாடல், வாட், லூமென், ஹோல்டர் வகை, வாரன்ட்டின்னு வரி வரியா பிரிச்சுக் குடுங்க." பிரிச்சுக் குடுத்தா பேரம் பேசலாம். பிரிச்சுத் தர மாட்டேன்னா லைட்டை நீங்களே வாங்கிக்கிறேன்னு சொல்லிடுங்க.

இந்த இஎம்ஐ கணக்கை எக்செல்ல எப்படிப் போடுறதுன்னு தெரிஞ்சுக்க விரும்புறவங்க நம்ம சேனல் வீடியோவைப் பாருங்க. வீடு கட்டிட்டு இருக்கிற உங்க ஃப்ரெண்ட் யாராவது இருந்தா, ஃபால்ஸ் சீலிங் மூடுறதுக்குள்ள இதை அவங்களுக்கு அனுப்பி வச்சிடுங்க.